குரங்குகளைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லும் முன்

கேள்வி இது. தில்லி ஆர்.கே.புரத்தில் அரசு குவார்ட்டர்ஸ், மூன்றாவது மாடி. மதுரையிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமியார் தினமும் பால்கனிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைக்கிறார். செவ்வாய்க்கிழமைகளில் குரங்குகளுக்கு வாழைப்பழமும் கொடுக்கிறார். இப்போது ஒரு கூட்டமே வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம் பையன் கையிலிருந்த பிரெட் பாக்கெட்டை ஒரு குரங்கு பிடுங்கியதில் முழங்கையில் கீறல். குடியிருப்பில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, குரங்குகளைப் பிடித்துக் காட்டில் விடும்படி மாநகராட்சிக்கு மனு கொடுக்கப் போகிறார்கள். மாமியாரோ, "அதோட காட்டை நாம எடுத்துக்கிட்டோம், அது எங்க போகும்?" என்கிறார். யார் சொல்வது சரி, கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் கீறல். தடுப்பூசி போட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றால் இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், கிளம்புங்கள். குரங்குக் கடிக்கும் கீறலுக்கும் வெறிநாய்க்கடிக்குச் செய்வதையே செய்ய வேண்டும். ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. தாமதமானாலும் போட்டுக்கொள்வதுதான் முறை. சஃப்தர்ஜங் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். ராம் மனோகர் லோஹியாவிலும் போடுகிறார்கள். ரத்தம் வந்திருந்தால் அதைத் தவறாமல் சொல்லுங்கள், ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்புக்குக் காயத்தில் போடும் மருந்து) தேவைப்படலாம். இனி இப்படி நடந்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைத்து அடைக்கக் கூடாது.

சரி, இப்போது மாமியார் சொன்னதற்கு வருகிறேன். யானைக்கும் புலிக்கும் அவர் சொல்வது பொருந்தும். வால்பாறையிலும் கோவையின் மலையடிவாரத்திலும் யானை நடந்த வழியில் நாம் போய் உட்கார்ந்திருக்கிறோம் என்பது உண்மை. தில்லிக் குரங்கின் கதை வேறு. இங்கே இருப்பது ரீசஸ் குரங்கு, செம்முகமும் சற்றே குட்டையான வாலும் கொண்டது. நம் ஊர்க் கோவில்களில் பார்க்கும் குல்லாய்க் குரங்குக்கு ஒன்றுவிட்ட உறவு. 1959-60 வாக்கில் அமெரிக்க விலங்கியலாளர் சார்லஸ் சவுத்விக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சித்திக்கி முதலானவர்களும் உத்தரப் பிரதேசத்தில் ரீசஸ் குரங்குகளைக் கணக்கெடுத்தார்கள். அப்போதே பெரும்பாலானவை காட்டில் இல்லை. கிராமத்திலும் சந்தையிலும் கோவிலிலும் ரயில் நிலையத்திலும் சாலையோர மரங்களிலும்தான் இருந்தன. தில்லி இப்படிப் பெருகுவதற்கு முன்பு எடுத்த கணக்கு இது. மனிதன் வாழும் இடத்தையே இந்தக் குரங்கு வெகுகாலமாகத் தன் வாழிடமாக வைத்திருக்கிறது. ஆர்.கே.புரம் உருவாவதற்கு முன்பு அங்கே முனிர்காவும் முகமதுபூரும் கிராமங்களாக இருந்தன. கிராமம் இருந்த இடத்தில் குரங்கும் இருந்திருக்கும்.

அந்தக் காலத்தில் எண்ணிக்கை கட்டுக்குள் இருந்ததற்கு ஒரு கொடுமையான காரணமும் உண்டு. 1950-களின் இறுதியில் ஆண்டுக்கு லட்சத்துக்கும் அதிகமான ரீசஸ் குரங்குகளை இந்தியாவில் பிடித்து வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். போலியோ தடுப்பூசி தயாரிக்க இந்தக் குரங்கின் சிறுநீரகச் செல்கள் தேவைப்பட்டன. நம் தலைமுறைக் குழந்தைகள் கால் ஊனமில்லாமல் நடந்ததில் இந்த விலங்குக்குப் பங்கு இருக்கிறது. அதைச் சொல்லிக்கொள்ள நாம் கடன்பட்டிருக்கிறோம். 1978-ல் மொரார்ஜி தேசாய் அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் கூட்டம் பெருகியது. அதே காலத்தில் நகரமும் பெருகியது, குப்பையும் பெருகியது.

ஆகவே உங்கள் பால்கனிக்கு வரும் குரங்கு வீடிழந்து வந்த அகதி இல்லை. வேலை பார்க்க வருகிறது என்றே சொல்வேன். அதன் வேலை தீனி தேடுவது. எங்கே, யாரிடம், எந்த நேரத்தில் கிடைக்கும் என்பதை அது மிகக் கவனமாகப் படிக்கிறது. படிப்பது நம்மை.

எங்கள் பக்கத்து பிளாக் மொட்டை மாடியில் ஒரு மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு மாமி பழைய வேட்டியை விரித்து ஜவ்வரிசி வடாம் பிழிந்துகொண்டிருந்தார். காக்கை வராமலிருக்க ஊர் வழக்கப்படி ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்திருந்தார். சின்டெக்ஸ் தொட்டிமேல் அரை வளர்த்தியில் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்தது. குடையை அது திரும்பியும் பார்க்கவில்லை. வடாத்தையும் பார்க்கவில்லை. மாமியின் கையையும் அவர் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த குச்சியையும்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமி எழுந்து அதை அதட்டிய நேரத்தில் பின்பக்கக் கைப்பிடிச் சுவரில் குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு ஒரு மந்தி ஏறிவிட்டது. வேட்டியின் ஓரத்தை ஒரு கையால் இழுத்து, பாதி காய்ந்தவற்றை உரித்து உரித்துக் கன்னப் பைக்குள் அடைத்தது. இரண்டு கன்னமும் உப்பியதும் தொட்டிக்குப் பின்னால் போய், ஒவ்வொன்றாக வெளியே தள்ளி நிதானமாகத் தின்றது. மறுநாள் மாமி சுருட்டிய வேட்டியோடு படியேறும்போதே கூட்டம் தொட்டிமேல் தயாராக இருந்தது. ஒரே நாளில், வெள்ளைத் துணிச்சுருள் என்றால் என்ன என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன.

உங்கள் பையன் விஷயத்திலும் இதுதான் நடந்திருக்கும். பாலித்தீன் பையின் சரசரப்பு, பிரெட் பாக்கெட்டின் நிறம், உயரம் குறைந்த ஆள், பக்கத்தில் பெரியவர் இல்லை. இத்தனையும் பார்த்துத்தான் அது இறங்கியிருக்கும். இன்னொன்றும் உண்டு. குரங்குக் கூட்டத்தில் யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர் என்ற வரிசை மிகக் கறாரானது. மிரட்டினால் தீனியை விட்டுவிட்டு விலகுபவர் கீழே இருப்பவர். ஒரு குரங்கு பல்லைக் காட்டிச் சீறியதும் நாம் பழத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினால், நம்மை அது எந்த இடத்தில் வைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை அன்போடு நீட்டிய கையும் புதன்கிழமை வெறுமனே தொங்கும் கையும் அதற்கு ஒரே கைதான். முதல் நாள் கொடுத்த கை மறுநாள் கொடுக்காவிட்டால் புடவையைப் பிடித்து இழுக்கும். அப்படி இழுக்கும்போது பயந்து யாராவது கொடுத்துவிட்டால், அடுத்த நாளிலிருந்து இழுப்பதே வழக்கமாகிவிடும்.

பிருந்தாவனம் போய் வந்தவர்களுக்கு இதன் அடுத்த கட்டம் தெரியும். அங்கே குரங்கு மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு சுவர்மேல் உட்காரும். கண்ணாடியால் அதற்கு ஒரு பயனும் இல்லை. ஒரு ஃப்ரூட்டி பாக்கெட்டை வீசினால் கண்ணாடியைக் கீழே போடும். ஃப்ரூட்டி வாங்கிக் கொடுத்து மீட்டவர்கள் ஒவ்வொருவரும் சேர்ந்துதான் இந்த வியாபாரத்தை அவற்றுக்குப் பழக்கினார்கள்.

இதனால் நமக்கு என்ன நேர்கிறது என்பது தெரிகிறது. குரங்குக்கு என்ன நேர்கிறது என்று யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் பெரிய வருத்தம். சிம்லாவில் ஜாக்கு அனுமார் கோவில் பகுதிக் குரங்குகளை ஆராய்ச்சியாளர்கள் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். மனிதரோடு அதிகம் ஊடாடும் குரங்குகள், மற்றக் குரங்குகளுக்குப் பேன் பார்ப்பதற்குச் செலவிடும் நேரம் குறைந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. பேன் பார்ப்பது வெறும் சுத்தம் செய்யும் வேலை இல்லை. தாயும் மகளும் ஒட்டியிருப்பது, சண்டைக்குப் பிறகு சமாதானம், தாட்டான் (பெரிய ஆண் குரங்கு) அடிக்க வரும்போது பக்கத்தில் நிற்க ஓர் ஆள், எல்லாம் அந்த விரல்கள் வழியாகத்தான் நடக்கின்றன. யார் பழம் கொண்டுவருகிறார், யார் கல்லெறிவார் என்று மனிதர்களையே பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு ஏது நேரம்? வெளியிலிருந்து பார்த்தால் வயிறு நிறைந்த குரங்கு. அதன் கூட்டுவாழ்க்கையிலிருந்து ஒரு பகுதியை நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் சாலை. கரோல் பாகிலிருந்து ரிட்ஜ் காட்டு வழியாகப் போகிறவர்கள் செவ்வாயும் சனியும் பார்த்திருப்பீர்கள். ஜண்டேவாலானில் 108 அடி அனுமார் சிலையை வணங்கிவிட்டுப் போகும் கார்கள் ஓரமாக நின்று வாழைப்பழச் சீப்புகளை இறக்கும். குரங்குகள் காட்டுக்குள் தீனி தேடுவதை விட்டுவிட்டுத் தார்ச்சாலையின் ஓரத்திலேயே குட்டிகளோடு உட்கார்ந்திருக்கும். அடிபடுவது குட்டிகள்தான் அதிகம். நோயும் இரண்டு பக்கமும் போகும். அவற்றிடமிருந்து நமக்கு ரேபிஸ் வரலாம் என்று பயப்படுகிறோம். நம்மிடமிருந்து காசநோய் அவற்றுக்குப் போகும் என்பது பலருக்குத் தெரியாது. கடித்து மிச்சம் வைத்ததைத் தூக்கிப் போடுகிறவர்கள் இதை ஒரு நிமிடம் நினைக்க வேண்டும். நல்ல தீனி கிடைக்கும் கூட்டத்தில் ஒரு மந்தி ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு குட்டி போடும். ஆகவே இன்று ஒரு குரங்கின் பசியை ஆற்றுகிறோம் என்று நினைத்துக் கொடுப்பது, சில ஆண்டுகளில் அதே பால்கனிக்கு இன்னும் பெரிய கூட்டத்தை வரவழைப்பதில் முடிகிறது.

குரங்குகள் இந்த ஊரையும் மாற்றியிருக்கின்றன. முழுவதும் கம்பி போட்டு அடைத்த பால்கனிகள், கயிறு போட்டுக் கட்டிய தொட்டி மூடிகள், டிபன் பையை முன்பக்கம் அணைத்துக்கொண்டு நடக்கும் பிள்ளைகள் என்று எல்லாம் பழகிவிட்டதால் நம் கண்ணில் படுவதில்லை. 2007 அக்டோபரில் தில்லியின் துணை மேயர் எஸ்.எஸ்.பஜ்வா தன் வீட்டு மாடியில் குரங்குகளை விரட்டும்போது கீழே விழுந்து இறந்தார். அரசு அலுவலகங்களுக்கு முன்னால் ஒரு காலத்தில் லங்கூர் குரங்கைக் கயிற்றில் கட்டி அழைத்து வரும் ஆட்கள் இருந்தார்கள். கறுத்த முகமும் நீண்ட வாலும் கொண்ட லங்கூரைக் கண்டால் ரீசஸ் விலகும். லங்கூரும் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதைக் கட்டிவைப்பது சட்டவிரோதம் என்று அது நின்றது. பிறகு லங்கூர் மாதிரிக் குரல் எழுப்பும் 40 பேரை வேலைக்கு வைத்திருப்பதாக 2014-ல் அமைச்சர் வெங்கய்ய நாயுடு நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். 2023-ல் ஜி20 மாநாட்டின்போது சாலையோரத்தில் லங்கூர் படங்களை வெட்டி நிறுத்தினார்கள். குரல் கொடுக்கும் ஆள் இருக்கும்வரை பயன் உண்டு. அட்டை லங்கூர் அசைவதில்லை என்பதைக் கண்டுபிடிக்க ரீசஸுக்கு அதிக நாள் ஆகாது.

இப்போது மனு. 'காட்டில் விடுங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் காட்டில்? தில்லியில் அந்தக் கேள்விக்கு 2007-லிருந்து ஒரே பதில்தான் இருக்கிறது. உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு பிடித்த குரங்குகளையெல்லாம் தெற்கே அசோலா பாட்டி சரணாலயத்தில் விட்டார்கள். 20,000-க்கும் மேல் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அசோலா பாட்டி சுமார் 33 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி பழைய சுரங்கம் தோண்டிய நிலம். குழிகளும் முள்மரங்களும்தான் அதிகம்; இத்தனை குரங்குகளுக்குப் பழம் தரும் மரங்கள் அங்கே இல்லை. ஆகவே அரசுச் செலவில் காய்கறியும் பழமும் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியிருக்கிறது. காட்டில் விட்ட குரங்கு அங்கேயும் மனிதன் கொண்டுவரும் வண்டிக்குத்தான் காத்திருக்கிறது. மதில் ஏறி வெளியே வருகிறது. வெளியே பாட்டி சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பங்களின் சஞ்சய் காலனியும் சங்கம் விஹாரும் இருக்கின்றன. கம்பி போட்ட பால்கனிக்கு அங்கே வழி கிடையாது. தகரக் கூரை, திறந்த அடுப்பு. மனு எழுதத் தெரிந்தவர்களின் குரங்குகளை மனு எழுத முடியாதவர்களின் வாசலில் விட்டிருக்கிறோம். இது நியாயமில்லை. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாத விஷயம் இது.

நியாயத்தை விடுங்கள், காரியமாவது நடக்கிறதா என்றால் அதுவும் இல்லை. கூண்டில் சிக்குவது குட்டிகளும் விவரம் தெரியாத இளசுகளும்தான். பையனைக் கீறிய அந்தக் குரங்கு கூண்டைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். குரங்குக் கூட்டத்தின் முதுகெலும்பு தாயும் மகள்களும் பேத்திகளும். ஆண்கள் வளர்ந்ததும் வெளியே போய் வேறு கூட்டத்தில் சேர்ந்துகொள்வார்கள். கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொண்டு போகும்போது தாய் ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம் ஆகிறது. மிச்சமிருப்பவை பதற்றத்தில் இன்னும் மூர்க்கமாகின்றன. குப்பையும் வாழைப்பழமும் அப்படியே இருப்பதால் காலியான இடத்துக்கு அடுத்த கூட்டம் வந்துசேர்கிறது. உங்கள் குடியிருப்பின் வழக்கம் தெரியாத புதுக் கூட்டம் என்பதால் முதல் சில மாதங்கள் தொந்தரவு கூடத்தான் செய்யும்.

குரங்கை மட்டும் சொன்னால் அதன் குணமே அப்படி என்று தோன்றும். அதனால் இதே ஊரில் இன்னொரு உயிரைப் பாருங்கள். தில்லி வானத்தில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் கள்ளப்பருந்தைத்தான் சொல்கிறேன், இங்கே எல்லோரும் சீல் என்பார்கள். 1971-லேயே கலூஷின் என்ற ரஷ்யப் பறவையியலாளர் ஒரு மாநகரத்தில் இத்தனை வேட்டைப்பறவைகளா என்று வியந்து ஆய்வுக் கட்டுரை எழுதினார். அண்மையில் நிஷாந்த் குமாரும் அவர் குழுவினரும் பல ஆண்டுகள் கூடுகளை எண்ணிப் பார்த்ததில் சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 15 கூடுகள். ஏன் இவ்வளவு? பழைய தில்லியில் ஜாமா மசூதிப் பக்கம் தர்மமாக இறைச்சித் துண்டுகளைப் பருந்துகளுக்கு வீசுவது காலங்காலமாக இருக்கும் வழக்கம். காஜிப்பூர்க் குப்பைமேடு இன்னொரு பந்தி. குளிர்காலத்தில் நடு ஆசியாவிலிருந்தும் சைபீரியாவின் தென்பகுதியிலிருந்தும் இமயமலையைத் தாண்டி வேறு பருந்துகளும் வந்து இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன.

அவர்கள் கண்டதில் உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவது இது: இறைச்சி வீசும் இடங்களுக்கும் சரியாக அள்ளாத குப்பைக்கும் அருகில் கூடு கட்டிய பருந்துகள்தான், கூட்டை நெருங்கும் மனிதரை அதிகமாகத் தாக்குகின்றன. தை மாசியில் தொடங்கிக் கோடைவரை மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனவர்கள் பின்னந்தலையில் அடி வாங்குவது இதனால்தான். பருந்து தீனி கேட்டு அடிக்கவில்லை, குஞ்சைக் காக்கத்தான் அடிக்கிறது. ஆனால் மனிதனை அண்டிப் பிழைத்து, மனிதனுக்குப் பயப்படத் தேவையில்லை என்று பழகிய பறவைக்குத்தான் அந்தத் துணிச்சல் வருகிறது. காட்டோரப் பருந்து தூரத்தில் பறந்து கத்துவதோடு நிறுத்திக்கொள்ளும்.

அதே பருந்துக்கு இந்த ஊர் செய்வது என்ன தெரியுமா? ஆகஸ்ட் 15 வந்தால் பட்டம் விடும் கண்ணாடி மாஞ்சாவில் இறக்கை அறுந்து விழுகிறது. சைனீஸ் மாஞ்சா எனப்படும் நைலான் நூலைத் தில்லி அரசு 2017-லேயே தடை செய்தும் விற்பனை நிற்கவில்லை. செங்கோட்டைக்கு எதிரே இருக்கும் ஜைனப் பறவை மருத்துவமனை புறாவையும் கிளியையும் வைத்துப் பார்க்கும். மாமிசம் தின்னும் பறவைகளை உள்ளே தங்கவைப்பதில்லை, அது அவர்கள் சமயநெறி. அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட பருந்துகளை எடுத்துவந்து தைத்துக் குணப்படுத்துவதில் நதீம் ஷெஹ்ஸாத், முகமது சவுத் என்ற சகோதரர்கள் வஜீராபாத்தில் தங்கள் வாழ்நாளைச் செலவிட்டு வருகிறார்கள். உங்கள் மாடியில் நூலில் சிக்கிய பருந்தைப் பார்த்தால் இழுக்காதீர்கள். துணியைப் போர்த்தி, பறவைமேல் சுற்றிய நூலை அப்படியே விட்டு, வெளியே நீளும் நூலை மட்டும் வெட்டி, அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கழுகின் கதை தனியாக எழுத வேண்டியது, ஆனால் சுருக்கமாகவாவது சொல்லாமல் விட மனம் வரவில்லை. மாட்டுக்கு வலி போகப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கொன்றது. வெண்முதுகுக் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழிந்தன. 2006-ல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்வதற்குள் காரியம் கைமீறிவிட்டது. அள்ளப்படாத பிணங்களில் நாய்கள் பெருகின, தண்ணீர் கெட்டது, வெறிநாய்க்கடி கூடியது. கழுகுகள் இல்லாமல் போனதால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஏறக்குறைய 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் 2024-ல் வெளியான ஆய்வில் கணக்கிட்டிருக்கிறார்கள். குரங்கைப் பிடித்துக்கொண்டு போ என்று எழுதுமுன் இந்த மாதிரிச் சங்கிலிகள் இருக்கின்றன என்பது நம் நினைவில் இருக்க வேண்டும்.

உங்கள் மாமியாரிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் உண்மையான சிக்கல் என்று நினைக்கிறேன். காக்கைக்குச் சோறு வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பித்ருக்களை நினைத்து வைக்கும் சோறு அது, நிறுத்தச் சொல்ல உங்களுக்கோ எனக்கோ உரிமையில்லை. நிறுத்தத் தேவையும் இல்லை. ஒரு கைப்பிடி சாதத்தைச் சுவரில் அப்படியே வைக்காமல் சிறிய தட்டில் வைக்கட்டும். 'கா கா' என்று கூப்பிட்டு, காக்கை வந்து தின்னும்வரை அங்கேயே நிற்கட்டும். தின்றதும் தட்டை உள்ளே எடுத்து, சுவரைத் தண்ணீர்விட்டுத் துடைத்துவிட வேண்டும். குரங்கு கண்ணில் பட்டால் அன்று அரை மணி தள்ளி வைக்கட்டும். சிக்கல் காக்கையால் வரவில்லை, சுவரில் மணிக்கணக்காகக் கிடக்கும் மிச்சச் சோற்றால் வருகிறது.

செவ்வாய்க்கிழமை வாழைப்பழம் மட்டும் நிற்க வேண்டும். அதில் பாதி வழி கிடையாது. ஆஞ்சநேயருக்குச் செய்ய வேண்டும் என்றால் வடைமாலை சார்த்தட்டும், வெண்ணெய் சார்த்தட்டும், பழத்தை அர்ச்சனை செய்து வாசலில் இருப்பவர்களுக்குக் கொடுக்கட்டும். அந்தக் குட்டி வண்டியில் அடிபடாமல் இருப்பதும், அதன் தாய் கல்லடி வாங்காமல் இருப்பதும்தான் அனுமாருக்குப் பிரியமாக இருக்கும் என்று சொல்லுங்கள். அவர் மனதார ஏற்றுக்கொள்வார். இரக்கம் உள்ளவர்தானே பழம் கொடுக்க ஆரம்பித்தார்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். நிறுத்திய முதல் சில வாரங்கள் முன்பைவிட மோசமாக இருக்கும். கிடைத்துக்கொண்டிருந்தது நின்றதும் குரங்கு இன்னும் பலமாகக் கேட்கும், கம்பியைப் பிடித்து உலுக்கும், குரல் எழுப்பும். அந்த நேரத்தில் பாவமாக இருக்கிறதே என்று யாராவது ஒருமுறை கொடுத்துவிட்டால், இவ்வளவு உலுக்கினால்தான் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும், அப்புறம் மாற்றுவது மிகக் கடினம். அதனால் பிளாக்கில் எல்லா வீடும் ஒரே நாளில் நிறுத்த வேண்டும். மனுவுக்குக் கையெழுத்து வாங்கும் அதே ஆட்கள் இதற்கும் வீடு வீடாகப் போகலாம்.

மனுவில் இப்போது இருக்கும் வாசகத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றி எழுதச் சொல்லிவிட்டுப் போடுங்கள். குடியிருப்புக்குப் பக்கத்து டலாவில் (மாநகராட்சிக் குப்பைக் கொட்டகையில்) குப்பை திறந்து கிடக்கிறதா என்று பாருங்கள், கிடக்கும். அதை மூடி, விடிவதற்கு முன்பே அள்ளச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் எத்தனை பழத்தை நிறுத்தினாலும் அந்த டலாவ் திறந்திருந்தால் பயனில்லை என்பதால் இதுதான் மனுவின் முதல் வரியாக இருக்க வேண்டும். குரங்குகளுக்குத் தீனி போடக் கூடாது என்று இந்தியில் பலகை வைக்கச் சொல்லுங்கள். தீனி போடுவது அவற்றுக்கே கெடுதல் என்று தில்லி உயர்நீதிமன்றம் 2024-ல் சொல்லி, மக்களுக்கு எடுத்துரைக்கும்படி மாநகராட்சிகளைக் கேட்டிருக்கிறது, அதைக் குறிப்பிடலாம். கருத்தடைத் திட்டத்தையும் கேளுங்கள். இமாசலப் பிரதேசத்தில் 2007-லிருந்து லட்சத்துக்கும் அதிகமான குரங்குகளுக்குச் செய்திருக்கிறார்கள். ஆனால் அதன் பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும், ஏற்கெனவே பிடுங்கப் பழகிய குரங்கை அது மாற்றாது. முன்பு இது வனத்துறையா மாநகராட்சியா என்று ஒருவர்மேல் ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டத் திருத்தம் ரீசஸை அந்தச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கியது, ஆகவே மாநகராட்சியிடம் கேட்பது சரிதான். பட்டியலிலிருந்து நீக்கினார்கள் என்பதற்காக ஏர்கன்னும் கவணும் எடுக்கலாம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள், 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம் அப்படியே இருக்கிறது.

பையனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது கொஞ்சம்தான். தின்பண்டத்தைக் கையில் தெரியப் பிடித்துக்கொண்டு வெளியே போகக் கூடாது, துணிப்பைக்குள் போகட்டும். குரங்கின் கண்ணை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது, அதன் மொழியில் அது சண்டைக்கு அழைப்பது. முதுகைக் காட்டி ஓடவும் கூடாது. முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு, பின்பக்கமாக மெல்ல நடந்து வர வேண்டும். கையில் ஒன்றுமில்லை என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினால் பெரும்பாலும் விலகிவிடும். மார்ச் முதல் ஜூன் வரை குட்டி போடும் காலம், அந்த மாதங்களில் குட்டியைச் சுமந்த மந்தி அருகில் இருந்தால் அவனை மாடிக்குத் தனியாக அனுப்பாதீர்கள்.